மலையைத் தாங்குவது யார்? – ஆரியங்காவு ரயில் குகை

வணிகவியல் படிக்கிறவனுக்குக் குகையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போது தாத்தா என்னை மீட்டர்கேஜ் ரயிலில் தென்காசியிலிருந்து புனலூருக்குக் கூட்டிப் போனார். சாரல் காலம். பகவதிபுரம் தாண்டியதும் பெட்டிக்குள் கும்மிருட்டு. எல்லாப் பிள்ளைகளும் "ஓ..." என்று கத்த, நான் மட்டும் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, மலை நம்ம தலையில விழுந்துட்டா?" என்றேன்.

"விழாதுல. மலையே மலையத் தாங்கிக்கிடும்" என்றார்.

அன்று சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காலேஜுக்கு வந்த பிறகு படித்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சுரங்கப் பொறியியலின் முதல் பாடம்!

முதலில் கொஞ்சம் வரலாறு. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் இந்தப் பாதையில் 1904 ஜூன் மாதம் கொல்லம் – புனலூர் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. அதே வருஷம் நவம்பரில் புனலூர் – செங்கோட்டை மலைப்பகுதியும் திறக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் ராமவர்மா. செங்கோட்டையும் அவருடைய சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலமும், பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் குகையும் இந்தப் பாதையின் பெரிய வேலைகள்.

சரி, மலை ஏன் விழவில்லை?

குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் சிற்றாற்றைப் பாருங்கள். நடுவில் ஒரு பாறை இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓடும். மலைக்குள் ஓட்டை போட்டாலும் இதேதான். மேலே உள்ள பாரம் ஓட்டையைச் சுற்றி ஒதுங்கி, பக்கத்துப் பாறைகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். பாறைக்கு அருகே தண்ணீர் வேகமாக ஓடுவது போல, குகையின் பக்கச் சுவர்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பாறை கெட்டியாக இருந்தால் அதை அதுவே தாங்கிக்கொள்ளும். மலையின் மொத்த எடையும் குகைக் கூரைமேல் உட்காருவதில்லை. கூரை பெரும்பாலும் தாங்குவது வெட்டும்போது தளர்ந்துபோன கற்களைத்தான்.

அடுத்தது வளைவு. கூரையைத் தட்டையாக வைத்தால் அது நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம், இழுத்தால் உடைந்துவிடும். அமுக்குவதைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பதைத் தாங்க அதற்குக் கிடையாது. வளைவாகக் கட்டினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கும், இழுப்பே வராது. குகைக்கும் பதிமூன்று கண் பாலத்துக்கும் சூத்திரம் ஒன்றுதான்.

எதிரி யார் என்றால், தண்ணீர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மலை இது. விரிசலில் இறங்கும் தண்ணீர் காரையை அரிக்கும், வெளியே வர வழியில்லாவிட்டால் சுவருக்குப் பின்னால் தேங்கி உள்ளே தள்ளும். அதனால்தான் குகைச் சுவரில் கசிவுத் துளைகளும், தண்டவாளத்தின் ஓரத்தில் வாய்க்காலும். எங்கள் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒரு கணக்கு உண்டு. குகைக்கும் அது உண்டு. பலம் என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் சொத்து அல்ல, வருஷா வருஷம் செலவு எழுத வேண்டிய சொத்து.

2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் நின்றது. 1 மீட்டர் பாதை 1.676 மீட்டராக மாற வேண்டும். சமவெளி என்றால் சுலபம். இங்கே குகைகளிலும் பாலங்களிலும் பெரிய வண்டிக்கு இடமும் பலமும் உண்டாக்க வேண்டும். 2018-ல்தான் முழுப்பாதையும் மறுபடி திறந்தது. அதற்குள் தாத்தா போய்விட்டார்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. சுரங்கம் மிக ஆபத்தாக இருப்பது வெட்டும்போதுதான், தாங்கு கட்டி முடிக்கும் முன்பு. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாராவில் 41 தொழிலாளர்கள் சிக்கியபோது நாடே 17 நாள் தூங்கவில்லை. இயந்திரம் உடைந்துபோக, கடைசிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டித்தான் அவர்களை மீட்டார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் நம் மலையைக் குடைந்தவர்களுக்கு எந்த டி.வி. இருந்தது? கணக்குப் புத்தகத்தில் 'கூலி' என்று ஒற்றை வரியில் முடிந்துபோயிருப்பார்கள்.

தாத்தா சொன்னது சரிதான், மலையே மலையைத் தாங்குகிறது. ஆனால் அப்படித் தாங்கும் வரைக்கும் அதற்குக் கீழே நின்றவர்கள் மனுஷர்கள்.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வந்தால் அருவியோடு திரும்பிவிடாதீர்கள். செங்கோட்டையில் கொல்லம் வண்டி ஏறுங்கள். குகை வந்ததும் தாராளமாகக் கத்துங்கள். வெளிச்சம் வருவதற்குள் ஒரு நிமிஷம் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.