இருவேல்பட்டும் ஐந்து கணக்கெடுப்புகளும்

சிற்றூர்களின் வரலாற்றைத் தேடிப் போனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கல்வெட்டு. அல்லது சிதைந்த ஒரு கோயில். உழுதவன் என்ன கூலி பெற்றான், நாற்று நட்டவள் யாருக்குக் கடன்பட்டிருந்தாள் என்பதையெல்லாம் கல் சொல்வதில்லை. அவ்வகையில் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு பேறுபெற்ற ஊர். ஒரு நூற்றாண்டுக்குள் அதனை ஐந்து முறை கணக்கெடுத்திருக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், மறு ஆண்டே மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துத் தத்தம் ஊர்களைப் பற்றி எழுதிவரச் செய்தார். 1918இல் நூலான அத்தொகுப்பில் தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலியவற்றோடு இருவேல்பட்டும் உண்டு. ஆங்கில எழுத்தில் 'எருவெள்ளிப்பேட்' என்றிருப்பதால், முதலில் வேறேதோ ஊர் என்றே நாம் எண்ணினோம்.

அந்நூலில் நம்மைத் தடுத்து நிறுத்துவது படியாட்களைப் பற்றிய பகுதி. படியாள் என்பவன் படிநெல்லுக்கு உழைக்கும் நிலையான பண்ணையாள். அவன் முன்னோர் எவரோ வாங்கிய கடனுக்காக அவன் உழைக்கிறான். கடன் ஒருபோதும் தீர்வதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலம் கைமாறினால் அதனோடு ஆளும் கைமாறுகிறான். பயிர்க் கணக்கை எழுதுவதுபோலவே இதையும் பதற்றமின்றி எழுதிச் செல்கிறார் அம்மாணவர். அந்நாளில் கல்லூரி வரை வந்தவர்கள் எவ்வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. வினாக்கள் திண்ணையிலிருந்தே கேட்கப்பட்டன என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. படியாளின் சொல்லாக ஒரு வரியேனும் இருந்திருந்தால்! ஆயினும் அந்தப் பதற்றமின்மையே இன்று பெரிய சான்றாகிவிட்டது. மறைக்க வேண்டியது என்று எவருக்கும் தோன்றாததால்தான் அது பதிவாயிற்று.

1936-37, 1961, 1981-82 ஆகிய ஆண்டுகளில் மறுஆய்வாளர்கள் வந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் கட்டு அவிழ்ந்ததற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. குகனும் ஜோன் மென்சரும் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோதே நிலக்கிழாரின் பிடி தளரத் தொடங்கியிருந்தது. ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008இல் கண்டது, வேளாண்மையை மட்டும் நம்பி வாழாத ஓர் ஊரை. வெளியிடத்து வேலை கூலியாளுக்குப் பேரம் பேசும் வலிமையைத் தந்திருந்தது. வயலுக்கு ஆள் கிடைப்பது அரிதாகியிருந்தது. நிலமற்றவர் நிலம் பெற்றதனால் வந்த விடுதலையன்று இது. நிலத்தை விட்டு விலக முடிந்ததனால் வந்தது.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலையொட்டிச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணை கரைபுரண்டு இருவேல்பட்டு வீடுகளுக்குள் புகுந்தது. துயர்துடைப்பு எதுவும் வந்து சேரவில்லை என்று ஊரார் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள். மறுநாள் நாளேடுகளில் அவர்கள் சொன்னவை அவர்கள் வாய்மொழியாகவே அச்சாகியிருந்தன.