நான்கு துண்டு ரப்பர்: சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

காஞ்சிபுரம் மாவட்டம் என்றதும் பட்டும் கோயிலும்தான் பலருக்கு ஞாபகம் வரும். உத்திரமேரூர் என்றால் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஆனால் இதே மாவட்டத்தின் வடக்கே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், 1990-லிருந்து ஒரு கார் பந்தயத் தடம் இருக்கிறது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் கார் ஓட்டிப் பழகிய தடங்களில் இதுவும் ஒன்று!

பந்தயக் கார் என்றாலே முதலில் எல்லோரும் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம்... ஆனால் தமிழ்நாட்டின் பந்தய வரலாற்றைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அது எஞ்சினின் கதை இல்லை, பிடிமானத்தின் கதை என்பது புரியும்.

பிடிமானம் என்றால் என்ன?

ஓடும் காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்கள் மட்டுமே. சாதாரணக் காரில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். முடுக்குவது, பிரேக் பிடிப்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு துண்டு ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

வளைவில் கார் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. பஸ் திரும்பும்போது நின்றுகொண்டு வருபவர்கள் சாய்வதைப் போலத்தான். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. டயர் மேல் சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடுகிறது. ஆகவே வெளிப்பக்க டயருக்குக் கிடைக்கும் லாபத்தைவிட உள்பக்க டயருக்கு ஏற்படும் நஷ்டம் அதிகம். எடை எவ்வளவு குறைவாக இடம் மாறுகிறதோ, கார் அவ்வளவு நன்றாகத் திரும்பும். ஃபார்முலா கார்கள் அகலமாகவும், தரையோடு தரையாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முன்சக்கரங்கள் முதலில் பிடியை விட்டால், ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். இதை அண்டர்ஸ்டீர் என்பார்கள். பின்சக்கரங்கள் முதலில் விட்டால் வால் சுழன்றுகொண்டு வரும். அது ஓவர்ஸ்டீர். இந்த இரண்டுக்கும் நடுவே காரை நிறுத்துவதுதான் டியூனிங். ஸ்பிரிங்கின் விறைப்பு, சக்கரத்தின் சாய்வு, டயரில் காற்றின் அளவு என்று பல வழிகள். பொதுவாக, எந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இளக்குகிறோமோ அந்தப் பக்கம் பிடிமானம் கூடும் என்பது மெக்கானிக்குகளின் பால பாடம்.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்கள் நடத்தியது. சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். 1997-ல்தான் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது.

ஓடுதளம் விமானத்துக்காகப் போட்டது. நீண்ட நேர்ப்பாதை, அது முடிந்ததும் திருப்பம். இப்படிப்பட்ட இடத்தில் பெரிய எஞ்சின் உள்ளவர் கை ஓங்கத்தான் செய்யும். வெளிநாட்டிலிருந்து கார் கொண்டுவர வசதியுள்ளவர்களுக்கு அது தோதான களம். விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களோ அம்பாசடர், ஃபியட் கார்களை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். திறமையைவிடப் பணப்பையின் கனம்தான் பல சமயம் பேசியது.

மாருதி 800 எஞ்சினில் ஒரு பந்தயக் கார்

இந்த நிலையை மாற்றியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த பந்தய வீரர். வெளிநாட்டுக் கார் வாங்க அவருக்கு வசதி இல்லாமல் இல்லை. ஆனால் அவர் யோசித்தது வேறு மாதிரி. 1980-களின் கடைசியில், மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ஃபார்முலா வகைக் காரை உள்ளூரிலேயே கட்டினார். 796 சிசி, 3 சிலிண்டர். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிவரும் காரின் எஞ்சின்! அதுதான் ஃபார்முலா மாருதி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி சிறிய எஞ்சின் என்றால், வேகத்தை எங்கிருந்து எடுப்பது? வளைவில்தான் எடுக்க வேண்டும். ஒரு திருப்பத்தில் தேவைக்கு மேல் பிரேக் பிடித்து வேகத்தை இழந்தால், அதைத் திரும்பப் பெறச் சின்ன எஞ்சினுக்கு வெகு நேரம் ஆகும். ஆகவே காரைச் சரியாக டியூன் செய்வதும், டயர் எப்போது பிடியை விடும் என்பதை உடம்பால் உணர்வதும் ஓட்டுநருக்குக் கட்டாயப் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடத்துக்குப் பொருத்தமான பள்ளிக்கூடமாக அமைந்தது இருங்காட்டுக்கோட்டை. ஓடுதளம் போல் இல்லாமல் பந்தயத்துக்கென்றே போட்ட வளைவுகள் அங்கே இருந்தன. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தில் ஃபார்முலா மாருதியை ஓட்டியது இங்கேதான். அந்த முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார்.

கரிவரதன் தன் மாணவர்கள் போன தூரத்தைப் பார்க்கவில்லை. 1995-ல் வானூர்தி விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இண்டியானாபோலிஸில் ஒரு நாள்

2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னின் முதல் இந்தியரானார் நரேன். அந்த ஆண்டு ஜூன் 19, அமெரிக்கப் பந்தயம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் மிச்செலின் டயர் ஒன்று பழுதாகி விபத்து நடந்திருந்தது. அந்தத் தடத்தின் சரிவான கடைசி வளைவில் விழும் சுமையை அந்த டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் தாங்காது என்று தெரிந்துவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்கும் யோசனையும் ஏற்கப்படவில்லை. முடிவு? மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஆயத்தச் சுற்று முடிந்ததும் விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் 4-வது இடம், 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

"ஆறு பேரில் நாலாவதுதானே" என்று சிரித்தவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் அன்று தோற்றது பெரிய பெரிய எஞ்சின்களா? இல்லை. நான்கு துண்டு ரப்பர். மாருதி எஞ்சினோடு ஓடிப் பழகியவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

கைக்கு அடங்கும் பந்தயம்

ரேடியோ ரிமோட் கார்களிலும் இதே கதைதான். 1976-ல் டைரல் அணி முன்னால் நான்கு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு என்று ஆறு சக்கர ஃபார்முலா ஒன் காரை இறக்கி, ஸ்வீடன் பந்தயத்தில் வென்றும் காட்டியது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1977-ல் அதையே ரிமோட் காராக விற்றது. நிஜக் கார் சீக்கிரமே ஓய்ந்துபோனதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தக் குட்டி டயர்கள் மற்ற டயர்களோடு சேர்ந்து வளராததுதான். மறுபடியும் ரப்பர்!

இன்றும் ஃபார்முலா வகை ரிமோட் கார் வைத்திருப்பவர்கள் வளைவில் கார் சுழன்றால் மோட்டாரை மாற்றுவதில்லை. முதலில் பின் டயரைப் பார்ப்பார்கள். தேய்ந்திருக்கிறதா, தூசி ஒட்டியிருக்கிறதா, இந்தத் தரைக்கு மென்மையான ரப்பர் வேண்டுமா? பிறகு ஸ்பிரிங். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஓட்டிப் பார்த்து நோட்டில் குறிப்பு, அதன்பின் அடுத்தது. இருங்காட்டுக்கோட்டைப் பட்டறைகளில் பெரிய காருக்குச் செய்யும் அதே வேலைதான் இதுவும். என்ன, இதற்கு ஒரு மொட்டை மாடி இருந்தால் போதும்.