கருவூர்ப் பூக்குடலைத் திருவிழா

பூத்திருவிழா என்றவுடன் புளியங்குடி, சங்கரன்கோயில் முதலிய தென்பாண்டி நாட்டூர்களிலுள்ளார் அம்மன் கோயில்களில் நிகழும் பூக்குழியினை நினைப்பர். அனலைப் பூவென வழங்குதல் அந்நாட்டு மரபு. கொங்குநாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய கருவூர் ஆனிலையிலோ, மெய்யாகவே மலரைச் சுமக்கும் பெருவிழா ஒன்று ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அதுவே எறிபத்த நாயனார் பூக்குடலைத் திருவிழா. அதன் வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் கடப்பாட்டையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் எறிபத்தரையும் புகழ்ச்சோழரையும் தனித்தனியே வணங்கினார். புகழ்ச்சோழர் கருவூரில் இறைவனடி சேர்ந்தமையையும் குறித்தார். மலரின் செய்தி அங்கு இல்லை. நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில், அடியவர் ஒருவர் கொணர்ந்த மலரைப் பறித்த யானையின்மேல் வந்த பாகரை எறிபத்தர் துணித்ததையும், சோழர் தம் வாளை அவருக்கு ஈந்ததையும் சுருங்கக் கூறினார். 1133 முதல் 1150 வரை அரசாண்ட இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தினரான சேக்கிழார் பெருமானே அம் மலரைச் சுமந்தவர் சிவகாமியாண்டார் என்னும் முதியவர் என்றும், நாள் மாநவமியின் முன்னாள் என்றும் விரித்தருளினார். இன்றும் நவராத்திரியில் அட்டமியன்று இவ்விழா நிகழ்வது அப்புராணத்தின் வழிப்பட்டதேயாம்.

சிவகாமியாண்டார் புலருமுன் எழுந்து, நீராடி, மூச்சுக்காற்று மலரிற் படாதவாறு வாயைக் கட்டிக்கொண்டு, மொட்டவிழும் பதம் நோக்கிக் கொய்து, குடலையிலிட்டுத் தண்டில் தூக்கி விரைந்து வந்தார். ஆன்பொருநையில் நீராடி மீண்ட பட்டத்து யானை அக்குடலையைப் பறித்துச் சிந்தியது. தொடர்ந்து ஓடிய முதியவர், மூப்பினால் இயலாது வீழ்ந்து இறைவனை விளித்து ஓலமிட்டார். அவ்வோலம் கேட்ட எறிபத்தர் யானையையும், பாகர் இருவரையும், குத்துக்கோற்காரர் மூவரையும் மழுவினால் வீழ்த்தினார். படையொடு சினந்து வந்த சோழர், நின்றவர் அடியார் எனக் கண்டதும், பிழை தம்முடையதே எனத் துணிந்து, தம்மையும் கொல்லுமாறு தம் வாளை நீட்டினார். அன்பின் அளவறிந்து நடுங்கிய எறிபத்தர் அவ்வாளைத் தம் கழுத்திலே பூட்டினார். அரசர் அவர் கையைப் பிடித்தார். அந்நிலையில் இறைவன் திருவருளால் யானையும் பாகரும் எழுந்தனர். குடலையும் மலரால் நிறைந்தது.

ஒரு குடலை மலருக்கு ஆறு உயிரோ என வினவுவாருளர். மலரின் விலையை நோக்குவார்க்கு இவ்வினா எழும். பணியின் தகுதியை நோக்குவார்க்கு எழாது. திருக்கோயிலை அலகிடுதலும், மலர் கொய்து மாலை தொடுத்தலும் சரியைத் தொண்டென அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் ஓதினார். கல்வியும் செல்வமும் இல்லார்க்கும் திறந்த வாயில் அது. அரசன் களிறு அவ்வாயிலை அடைக்குமாயின், எளியார்க்கு முறையிட வேறிடம் யாது? வாளேந்திய வேந்தர் மலரேந்திய முதியவர் பொருட்டுத் தலைகுனிந்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

விழாநாளில் ஆடவரும் பெண்டிரும் சிறாரும் பூக்குடலை தாங்கித் திரள்வர்; யானை வந்து குடலையைச் சிந்தும் நிகழ்ச்சியும் நடித்துக் காட்டப்பெறும். கருவூர்வாசி ஒருவருக்கு அந்நாள் வேடிக்கை நாளன்று. தம் ஊர்த் தெருவிலேயே அவர் தாமும் ஒரு சிவகாமியாண்டாராகின்றார். முன்னும் பின்னும் நெருக்குவார் நடுவே, குடலை சாயாது, மலர் வாடாது, பிறர்மேல் இடியாது சந்நிதி சேர்வதொன்றே அவர் கருத்து. அம்முதியவர் பட்ட பாடு ஏட்டில் ஒருவாறும், கையில் வேறொருவாறும் விளங்கும். ஏடு நூறு பயின்றாலும் எய்தாத தெளிவு அத்தெருவில் நாழிகை ஒன்றில் எய்துதல் கூடும்.

ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. மலரைச் சிந்துவதற்குக் களிறே வேண்டுமென்பதில்லை; பெருங்கூட்டமும் அதனைச் செய்யும். முந்திச் செல்லும் விரைவும், பிறர் காணவேண்டும் என்னும் விருப்பும் மதங்கொண்ட யானையினும் வேறல்ல. அன்று பாகர் யானையை அடக்காமையே பிழையாயிற்று. இன்று தத்தம் மனத்துக்குத் தாமே பாகர். முதியவர் ஒருவர் நெரிசலில் தள்ளாடுங்கால் அவர் குடலையைத் தாங்கும் கை, சந்நிதிக்குச் சிறிது பிந்திச் சென்றாலும் முந்திய கையேயாம். அவ்வாறு தாங்குவோர் பெருகுங்கால், மழு ஏந்தாமலே எறிபத்தர் பணி நிறைவேறும்.

திருச்சிற்றம்பலம்.