நிலம் பேணும் கலையும் நற்சான்றும்

அந்தமான் தீவுகளைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் அங்குள்ள சிறைச்சாலையிலிருந்தே தொடங்குவர். அஃது இயல்பே. ஆயினும், அச்சிறையைச் சூழ்ந்த நிலத்தைத் திருத்தியவர் யாவர், காடு இருந்த இடத்தில் புல்தரையும் பூங்காவும் சாலையோர மரங்களும் எவர் கைகளால் அமைந்தன, அக்கைகளின் திறமைக்கு எவரேனும் ஒரு சான்று எழுதிக் கொடுத்தனரா என்ற வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. தமிழகத்துக்கு வெளியே உழைத்து வாழும் நம் அன்பர்களுக்கு இவ்வினா புதியதன்று. தொழில் தெரிந்திருந்தும், தெரியும் என்பதற்கு ஒரு தாள் இல்லாமையால், ஊர் மாறும்போதெல்லாம் கடைசிப் படியிலிருந்து மீண்டும் தொடங்க நேர்ந்தவர் நம்மிடையே பலர் உண்டு.

கட்டடங்களைச் சூழ்ந்த நிலத்தைப் பேணுவதை வளாகப் பராமரிப்பு என்று இன்று கூறுகின்றனர். புல்தரை, மரம், செடி, பாதை, வடிகால், விளையாட்டுத் திடல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். வட நாட்டில் இப்பணி செய்வோரை 'மாலி' என்றும், நம் நாட்டில் தோட்டக்காரர் என்றும் அழைப்பது வழக்கம். இத்தொழிலின் வரலாற்றை அந்தமானில் காண்பது பயனுடையது; ஏனெனில், அங்கு நிலம் பேணுதல் என்பது தண்டனையாகத் தொடங்கியது.

ஆங்கிலேயர் அத்தீவுகளில் முதன்முதலாக 1789-இல் குடியேற்றம் அமைத்தனர். நோயின் கொடுமையால் 1796-இல் அதனைக் கைவிட்டனர். சிப்பாய்களின் பேரெழுச்சிக்குப் பின்னர், 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். அடர்ந்த காட்டை வெட்டி வெளியாக்குவதே கைதிகளுக்கு இடப்பட்ட முதற்பணி. போர்ட் பிளேர்த் துறைமுகத்தின் வாயிலில் இருந்த ராஸ் தீவு ஆட்சித் தலைமையிடமாயிற்று. மாதா கோயில், ஆணையர் மாளிகை, அதிகாரிகளின் மன்றம், டென்னிஸ் ஆடுகளம், தோட்டங்கள் யாவும் அச்சிறு தீவில் எழுந்தன. அவற்றை எழுப்பிய உழைப்பும், நாள்தோறும் பேணிய உழைப்பும் கைதிகளுடையவையே.

அக்கைதிகளின் வாழ்க்கைப் படிகளை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி நிலவிய விதிகளின்படி, ஆண் கைதி ஒருவர் முதல் ஆறு திங்கள் செல்லுலர் சிறையில் தனியறையில் கழித்தார். அடுத்த ஒன்றரை ஆண்டு பிற கைதிகளுடன் கூடி உழைக்கும் சிறையில் கழிந்தது. பின்னர் மூன்று ஆண்டுகள், இரவில் கொட்டடியில் பூட்டப்பட்டுப் பகலில் வெளியே கூலியின்றி உழைத்தார். அதன்பின் ஐந்து ஆண்டுகள் சிறிது படி பெற்று, எளிய வேலைகளுக்கும் சிறு மேற்பார்வைப் பதவிகளுக்கும் உரியவரானார். டிண்டல், ஜமேதார் என்னும் பட்டங்கள் அவ்வாறு கைதிகளுக்கே கிடைத்தவை. பத்து ஆண்டுகள் நன்னடத்தையுடன் முடிந்தால் 'டிக்கெட்' எனப்பட்ட அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் சிற்றூரில் நிலம் பெற்றுத் தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ளலாம், மணம் செய்துகொள்ளலாம், தாயகத்திலுள்ள குடும்பத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால், அனுமதியின்றிக் குடியேற்றத்தை விட்டு வெளியேற இயலாது. வேலையின்றி இருக்கவும் கூடாது.

கைதியின் கழுத்தில் ஒரு மரச்சீட்டும் தொங்கியது. அவருடைய எண், அவர் தண்டிக்கப்பட்ட சட்டப்பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலைக்குரிய நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. இவ்விரு சீட்டுகளையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒன்று குற்றத்தைக் கூறியது. மற்றொன்று பணிவைக் கூறியது. பாறை நிலத்தில் புல்லை வேரூன்றச் செய்தவர், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதவாறு சரிவு அமைத்தவர், கடற்காற்றைத் தாங்கும் மரத்தைத் தேர்ந்து நட்டவர் ஆகியோரின் தொழிலறிவைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்லும் இல்லை. பத்தாண்டு உழைப்பில் அவர்கள் கற்றதை ஆட்சி பயன்படுத்திக்கொண்டது, பதிவு செய்யவில்லை.

இதே காலத்தில் தமிழகத்தின் நீலகிரியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். உதகமண்டலத்தின் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்க 1848-இல் அங்கு வந்தவர் மக்கைவர் என்பவர். இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பயின்ற தோட்டக்கலைஞர் அவர். கியூவில் பயின்றவர் என்ற பெயர் அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சி நிலவிய நாடுகளிலெல்லாம் கதவு திறக்கும் திறவுகோலாக இருந்தது. அவருடைய திறமை பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால், அவர் வகுத்த திட்டத்தின்படி மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன்செய்த கூலியாட்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. பின்னர் நீலகிரியின் நடுவட்டப் பகுதியில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தபோது அங்கும் கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. பயிற்சிக்குச் சான்று பெற்றவர் கடல் கடந்தும் மதிக்கப்பட்டார். பயிற்சியைக் கையில் மட்டும் வைத்திருந்தவர் அடுத்த ஊரிலும் அறியப்படவில்லை.

மீண்டும் ராஸ் தீவுக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கடும் நிலநடுக்கம் அங்குள்ள கட்டடங்களைச் சிதைத்தது. மறு ஆண்டு சப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1945 வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. போர் முடிந்தபின் தண்டனைக் குடியேற்றமும் ஒழிந்தது. ராஸ் தீவைப் பேணுவார் இல்லை. ஆலும் அத்தியும் சுவர்களில் வேர்விட்டன. இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்கும் அவ்விடத்துக்குச் செல்வோர், மாளிகைச் சுவர்களைப் பற்றிப் பிணைத்து நிற்கும் வேர்களைக் கண்டு வியக்கின்றனர். அவ்வேர்கள் மற்றொரு செய்தியையும் சொல்கின்றன. பெயரறியாத அத்தோட்டக்காரர்கள் நாள்தோறும் செய்துவந்த வேலை எத்தகையது என்பதை, அவ்வேலை நின்றபின் எழுந்த காடே எடுத்துக்காட்டுகிறது.

அத்தீவுகளில் நிலம் பேணுதல் எளிய பணியன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளும் மழை தருகின்றன. ஆயினும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சி. தனிக்காரி அணையை நம்பியிருக்கும் தலைநகரில் குடிநீருக்கே முறைவைக்க நேர்வதுண்டு. ஆகவே, எட்டுத் திங்கள் வடிகாலைப் பற்றியும் நான்கு திங்கள் பாசனத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். போர்க்காலத்தில் சப்பானியரால் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தை செடிகளைத் தின்று தீர்க்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள் இளங்கன்றுகளை மேய்கின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, தாழ்நிலங்களில் உப்புநீரைப் புகுத்தியது. உப்பேறிய மண்ணை எவ்வாறு கழுவுவது, எந்தச் செடியை அங்கு நடலாம், எதனை நடுதல் வீண் என்பவற்றை அறிந்தவரே அங்கு நல்ல தோட்டக்காரர். இவ்வறிவைத் தொழில் என்று ஒப்புக்கொள்ளாமல் வெறும் கூலிவேலை என்பது பொருந்துமா?

மேலைநாடுகளிலும் இத்தொழில் தனக்குரிய மதிப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவில் தோட்டப் பணியாளர்கள் 1911-இல் ஒரு தேசியச் சங்கம் கண்டனர். வளாகப் பராமரிப்புத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்துள்ள அவ்வமைப்பு, மேலாளர்க்கு ஒன்றும் களப்பணியாளர்க்கு ஒன்றுமாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்குகிறது. இங்கிலாந்தில் விளையாட்டுத் திடல் பேணுவோர் 1934-இல் ஒன்றுகூடினர். பணியாளர் தாமே கூடித் தம் தொழிலுக்கு அளவுகோல் வகுத்துக்கொண்டமை இங்குக் கருதத்தக்கது.

நம் நாட்டில் அரசே இதற்கு வழி வகுத்தது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. தொழிற்பயிற்சிக்கான தேசிய மன்றம் 1956-இல் அமைந்தது. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் நிறைவேறியது. தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது ஐ.டி.ஐ.களில், கற்பிக்கத்தக்க தொழில்களின் வரிசையில் தோட்டக்கலையும், மலர்ச் சாகுபடியும் நிலவனப்பும் என்ற பிரிவும் ஓராண்டுப் பாடங்களாக உள்ளன. அந்தமானிலும் ஐ.டி.ஐ. உண்டு. எந்த நிலையத்தில் எப்பாடம் நடைபெறுகிறது என்பதைச் சேருமுன் கேட்டறிதல் வேண்டும்.

பள்ளிப்படிப்பு குறைந்தவர்க்கும், குடும்பப் பாரத்தால் ஓராண்டை ஒதுக்க இயலாதவர்க்கும் மற்றொரு வழி உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையிலிருந்தே கற்றவரை மீண்டும் முதல் வகுப்பில் உட்கார வைக்காமல், சின்னாள் விளக்கமளித்து, செய்முறையில் சோதித்து, தேறியவர்க்குச் சான்றிதழ் வழங்குவது அதன் நோக்கம். இந்திய வேளாண் திறன் மன்றம் வகுத்துள்ள பணிகளில் தோட்டக்காரர் பணியும் ஒன்று. கழுத்தில் தொங்கிய மரச்சீட்டில் எழுதப்படாமல் போன செய்தி, இச்சான்றிதழில்தான் எழுதப்படுகிறது: இவர் மண்ணை அறிவார், கவாத்து அறிவார், புல்தரை அமைக்க அறிவார் என்பதே அச்செய்தி.

கற்பதற்கு இடமும் அத்தீவுகளில் இல்லாமலில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் வட்டார நிலையம் அங்கு 1972 முதல் இயங்கி வருகிறது. தனிக்காரியில் அதற்குத் தோட்டமும் உண்டு. 1978-இல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம், இன்று தீவு வேளாண்மைக்கான மத்திய நிலையமாக விளங்குகிறது. தீவுக்கே உரிய மரங்களையும், நத்தையை ஒடுக்கும் முறைகளையும், உப்புநில மீட்பையும் அறிய விரும்புவோர்க்கு இவை அரிய வாய்ப்புகள்.

தாளைப் பெற்றதனால் மட்டும் ஒருவர் தோட்டக்காரர் ஆகிவிடார் என்று சிலர் கூறுவர். அது மெய்யே. புத்தகத்தைப் படித்தவர் நட்ட கன்று வாடுவதும், எழுத்தறியாத முதியவர் நட்டது தழைப்பதும் நாம் கண்டவையே. ஆயினும், அம்முதியவரின் கைத்திறம் அவர் இருக்கும் வளாகத்தின் மதிலைத் தாண்டிச் செல்வதில்லை. மேலதிகாரி மாறினால் அவருடைய மதிப்பும் மாறுகிறது. ஒப்பந்தக்காரர் மாறினால் அவர் புதிய ஆளாகிவிடுகிறார். பிறந்த மண்ணில் ஒருவரது தொழிலுக்கு ஊரார் சாட்சி சொல்வர். மொழியும் முகமும் புதிதான மாநிலத்தில் அச்சாட்சிக்கு ஆள் இல்லை. அங்குச் சான்றிதழே சாட்சி.

ஆகவே, அந்தமானிலாயினும், தில்லியிலாயினும், மும்பையிலாயினும் நிலம் பேணும் பணியிலுள்ள தமிழன்பர்கள் தாம் செய்த வேலையின் விவரத்தை ஆண்டு வாரியாகக் குறித்து வைத்தல் நலம். அருகிலுள்ள ஐ.டி.ஐ.யிலோ திறன் பயிற்சி மையத்திலோ சென்று, தமக்கு ஏற்ற தேர்வு எது எனக் கேட்டறிதல் வேண்டும். படித்த இளைஞர்கள் விண்ணப்பங்களை நிரப்புவதில் மூத்தோர்க்கு உதவலாம். தமிழ்ச் சங்கங்கள் இதனைத் தம் பணிகளுள் ஒன்றாக மேற்கொள்ளலாம். ராஸ் தீவின் புல்தரையைப் பேணியவர்களின் பெயர்களை இனி நாம் மீட்க இயலாது. இன்று காலையில் நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவரின் பெயரை அவருடைய தொழிலோடு சேர்த்து எழுதி வைக்க இன்னும் காலம் உண்டு.