அபிகேல் அம்மையாரும் செல்லம்மாளும்: கடிதங்களும் படங்களும்

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது அவர்தம் மேடைப் பேச்சுகளையும் அரசாங்க ஏடுகளையுமே ஆகும். ஆனால், அப்பெரியோர் வீட்டு அடுப்பு அன்று எரிந்ததா, அணைந்து கிடந்ததா என்பதை அவ்வேடுகள் சொல்வதில்லை. அதனைச் சொல்வன கடிதங்கள். அவற்றுள்ளும் சிறப்பாக இல்லத்தரசியர் எழுதிய கடிதங்கள். அவர்தம் முகத்தைக் காட்டுவன ஓவியங்களும் நிழற்படங்களும். இவை எவ்வாறு எஞ்சின, எவ்வாறு அழிந்தன என்பதை அமெரிக்க நாட்டு வரலாற்றிலும் தமிழ்நாட்டு வரலாற்றிலும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், நமக்குப் பயன்படும் உண்மையொன்று விளங்கும்.

எரித்தவரும் காத்தவரும்

அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மறைந்தார். அவர்தம் துணைவியார் மார்த்தா 1802இல் மறைந்தார். தாமும் கணவரும் நாற்பது ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை அம்மையார் தம் இறுதி நாள்களில் தீயிலிட்டு விட்டார். தப்பியவை ஒரு சிலவே. தம் இல்வாழ்வை ஊரார் படித்தல் தகாது என்று அவர் கருதியிருக்கலாம். அக்கருத்தை நாம் பழிப்பதற்கில்லை. ஆயினும் உலகம் அம்மையாரின் குரலை இழந்தது.

இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அவர்களின் மனைவியார் அபிகேல் கதை இதற்கு நேர்மாறானது. 1744இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வேமத் என்னும் ஊரில் பிறந்த இவர், பள்ளிக்கூடத்தில் முறையாகப் பயின்றவர் அல்லர். வீட்டிலிருந்த நூல்களே இவருக்குப் பள்ளியாயின. 1764இல் திருமணம் நடைபெற்றது. பத்தாண்டுகளில் கணவர் நாட்டு விடுதலைப் பணிக்காகப் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்றார். பண்ணையையும் பிள்ளைகளையும் அம்மையாரே காத்தார். 1775ஆம் ஆண்டு ஜூன் மாதம் பங்கர் குன்றுப் போர் நிகழ்ந்தபோது, தம் சிறு மகனுடன் ஒரு மேட்டில் நின்று அதனைக் கண்டார். மறு ஆண்டு பிள்ளைகளைப் பாஸ்டன் நகருக்கு அழைத்துச் சென்று பெரியம்மைத் தடுப்பு முறை செய்வித்தார். போர்க்காலத்து விலைவாசி, பண்ணை வேலைக்கு ஆள் கிடையாமை, தனிமைத் துயரம் ஆகிய யாவும் அவர் கடிதங்களில் உள்ளன.

1776ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் எழுதிய கடிதமே அவற்றுள் மிகுபுகழ் வாய்ந்தது. புதிய நாட்டுக்குச் சட்டம் வகுக்கும்போது பெண்களை மறந்துவிட வேண்டா. கணவர்மார் கையில் எல்லையற்ற அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டா என அதில் கேட்டுக் கொண்டார். விடுதலைக்குப் போராடிய கணவரோ அவ்வேண்டுகோளை நகைத்துத் தள்ளினார். பெண்மக்களின் கல்வி புறக்கணிக்கப்படுவது குறித்தும் அம்மையார் அவ்வாண்டிலேயே வருந்தி எழுதியுள்ளார்.

வேண்டுகோளை ஏற்காத அதே கணவர் ஒரு நற்செயல் செய்தார். 1776ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடிதங்களைப் படியெடுத்து வைக்க ஒரு பெரிய ஏட்டை வாங்கினார். மனைவிக்கும் அத்தகைய ஏடு ஒன்றைத் தர விரும்பினார். இவ்வாறு பேணப்பட்டமையால் அவ்விருவருக்குள் நிகழ்ந்த 1,100க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. பேரர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் 1840இல் பாட்டியாரின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். குடும்பத்தார் தம் ஏடுகள் அனைத்தையும் 1956இல் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்திற்கு வழங்கினர்.

இரு முகங்கள்

அபிகேல் அம்மையாரின் உருவப்படங்களுள் இரண்டு சிறப்பானவை. முதலாவது, பெஞ்சமின் பிளைத் என்னும் ஓவியர் 1766ஆம் ஆண்டளவில் வண்ணக்கோலால் தீட்டியது. அதில் இருப்பவர் இருபதைக் கடந்த இளநங்கை. இரண்டாவது, புகழ்பெற்ற கில்பர்ட் ஸ்டூவர்ட் 1800இல் தொடங்கி 1815இல்தான் முடித்துக் கொடுத்தது. அதில் நாம் காண்பது நாட்டின் முதற்பெருமாட்டியாக விளங்கிய முதியவரை.

இவ்விரு படங்களுக்கும் நடுவே முப்பதாண்டுகளுக்கு மேல் கடந்தன. இளநங்கை எவ்வாறு முதற்பெருமாட்டியானார் என்பதைப் படம் சொல்லாது, கடிதமே சொல்லும். 1800ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வாஷிங்டன் நகரத் தலைவர் மாளிகையில் குடிபுகுந்த முதல் தலைவர் மனைவி இவரே. கட்டி முடியாத அம்மாளிகையின் பெரிய கொலு மண்டபத்தில் துணிகளை உலர்த்தியதாகத் தம் மகளுக்கு எழுதினார். எந்த ஓவியர் இதனைத் தீட்டியிருப்பார்?

காசியிலிருந்து வந்த கடிதம்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். பாரதியார்க்கும் கடையத்துச் செல்லம்மாளுக்கும் 1897இல் திருமணம் நடந்தது. மணமகளுக்கு அப்பொழுது வயது ஏழு. மறு ஆண்டு தந்தையார் மறையவே, பாரதியார் காசிக்குச் சென்று 1902 வரையில் அங்குத் தங்கினார். கணவரின் போக்கைப் பற்றி உறவினர் கூறியவை கேட்டு அஞ்சிய செல்லம்மாள் காசிக்குக் கடிதம் எழுதினார். பாரதியார் 1901இல் விடை எழுதினார். அஞ்சத் தகுந்தது எதனையும் தாம் செய்யவில்லை என்று தேற்றி, கவலை தோன்றும் வேளைகளில் தமிழை நன்கு படித்து வந்தால் தாம் மகிழ்வதாக அதில் தெரிவித்தார்.

இங்கு நாம் நின்று எண்ண வேண்டும். கணவரின் விடை நமக்குக் கிடைத்துள்ளது. மனைவியின் கடிதம் கிடைக்கவில்லை. அச்சிறுபெண் எவ்வெழுத்தில், எச்சொல்லில் தன் அச்சத்தை எழுதினாள் என்பதை விடையைக் கொண்டு ஊகிக்கலாமேயன்றி அறிதல் இயலாது. வந்த கடிதத்தைச் செல்லம்மாள் தரப்பினர் பேணினர். சென்ற கடிதம் மறைந்தது.

படங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பாரதியாரின் நிழற்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த புதுச்சேரியில் எடுத்தவற்றுள் செல்லம்மாள் உடனிருக்கும் படமும் உண்டு. ஒற்றர் கண்காணிப்பும் வறுமையும் சூழ்ந்த அக்காலத்தில் இரு பெண்மக்களையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தியவர் அவர். அம்முகத்தைப் படத்தில் காணலாம்; அன்றாட வாழ்வை அதில் காண இயலாது.

ஆயினும் செல்லம்மாள் தம் குரல் முழுவதும் அழிய விடவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாரதியார் மறைந்தபின், பாரதி ஆசிரமம் என்னும் பெயரில் 1922இல் சுதேச கீதங்களை வெளிக்கொணர்ந்தார். கணவர் வரலாற்றைக் கூறும் அவர்தம் நூல் 1941இல் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலியில் கணவரைக் குறித்துப் பேசினார். 1955இல் மறைந்தார். கவிஞரின் அருமையையும், அவரோடு வாழ்வதன் கடினத்தையும் அவர் ஒருங்கே சொன்னார். தமிழ் படி என்று காசியிலிருந்து வந்த கடிதம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் நூலாகப் பயன் தந்தது எனலாம்.

நம் வீட்டுப் பெட்டிகள்

மார்த்தாவின் கடிதங்கள் விரும்பியே எரிக்கப்பட்டன. அபிகேலின் கடிதங்கள் விரும்பியே பேணப்பட்டன. செல்லம்மாளின் இளமைக் கடிதம் இவ்விரண்டிலும் சேராது மறைந்தது. எளியோர் கடிதங்களுக்கெல்லாம் நேர்வது இம்மூன்றாம் கதியே ஆகும்.

மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டுக்குக் கடிதங்கள் சென்றன. அங்கிருந்து விடைகள் வந்தன. எழுதத் தெரியாத பெண்களுக்குக் கிராணியாரோ பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுப்பதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய தகரப் பெட்டிகளும் குப்பைக்குச் சென்றன. அவற்றுள் பாட்டிமார் கடிதங்கள் எத்தனை இருந்தனவோ!

எஞ்சியவற்றைக் காத்தல் தமிழாசிரியர்க்கு அரிய செயலன்று. வீட்டிலுள்ள பழங்கடிதம் ஒன்றைப் படியெடுத்து வருமாறு மாணவரிடம் சொல்லலாம். படத்தின் பின்புறம் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்லக் குறிக்கச் செய்யலாம். கரையானும் ஈரமும் அணுகாத இடத்தில் வைக்கச் சொல்லலாம். பெயர் குறிக்காத படம் இரு தலைமுறையில் யாரோ ஒருவர் படமாகிவிடும். ஆடம்ஸ் வாங்கிய ஏடு பொன்னேடு அன்று, வெற்றேடுதான். அத்தகைய ஏடொன்று நம் பள்ளிகள்தோறும் இருத்தல் வேண்டும்.