"கூட யார் இருக்கீங்க?"

அரசு மருத்துவமனை வார்டில் நர்ஸ் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "பேஷண்ட் கூட யாருங்க இருக்கீங்க?" கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவோ, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு படியேறும் தம்பியோ ஓடி வருவார்கள். காய்ச்சலோ, பிரசவமோ, எலும்பு முறிவோ, நம் ஊரில் நோயாளியைத் தனியே விடுவதில்லை. மருந்துச் சீட்டை வாங்குவது முதல் இரவில் முதுகைத் தடவிக்கொடுப்பது வரை எல்லாம் கூட இருப்பவரின் பொறுப்பு. மனநோய் வந்தவருக்கு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துணை கிடைக்காமல் போனது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கானலி 1794-ல் சென்னையில் 16 பேருக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். அது கைமாறி, இடம் மாறி, 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது. அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், சுற்றிலும் மதில். ஊரிடமிருந்து நோயாளியைக் காப்பதைவிட நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதே அந்த மதிலின் வேலையாக இருந்தது. மனநோயாளிகள் குறித்த 1912-ம் ஆண்டுச் சட்டத்திலும் உள்ளே அனுப்புவதற்கான வழி பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவுதான். சிகிச்சைக்கு வந்தவர் ஏறத்தாழ ஒரு கைதியைப்போலவே உள்ளே போனார். உறவினர்கள் வாசலோடு நின்றார்கள். உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்று ஒருவரை ஒருவர் திட்டும் பழக்கம் இந்த மதிலைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஒரு மருத்துவமனையின் பெயர் வசைச்சொல்லாகிப்போன கொடுமை வேறு எந்த நோய்க்கும் நேர்ந்ததில்லை.

மாற்றம் தொடங்கியது வடக்கே, அமிர்தசரஸில். தேசப் பிரிவினைக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளைக்கூட மத அடிப்படையில் பரிமாறிக்கொண்டன. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்கு அடிப்படை அந்தப் பரிமாற்றம்தான். லாகூரிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களில் ஒரு பகுதியினர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் வித்யா சாகர். இடமோ நெருக்கடி, பணியாளர்களோ குறைவு. 1950-களில் அவர் ஒரு காரியம் செய்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு அவர் குடும்பத்தையும் தங்கவைத்தார்.

இன்று கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்று அது பெரிய துணிச்சல். கூடாரத்தில் தங்கிய அப்பா, பக்கத்துக் கூடாரத்துப் பையன் நாளுக்கு நாள் தெளிந்து வருவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். டாக்டர் குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்து, இது பேயோ சாபமோ இல்லை, மருந்தால் குணமாகக்கூடிய நோய் என்று விளக்கினார். நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள். குணமானவரை வீட்டுக்கு அழைத்துப்போகக் குடும்பம் தயங்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பிரியவே இல்லை. ஊர் திரும்பியவர்கள் அடுத்த வீட்டு நோயாளிக்கும் வழி சொன்னார்கள். அந்த மருத்துவமனை இன்று வித்யா சாகரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அதே காலத்தில் வேலூரிலும் இந்த எண்ணம் வேர்விட்டது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் சிஎம்சி மருத்துவமனையில் மனநல சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். பாகாயத்தில் உருவான மையத்தில், உள்நோயாளியாகச் சேர்பவரோடு குடும்பத்தில் ஒருவராவது தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆனது. அந்த அனுபவத்தை அங்கிருந்த மருத்துவர்கள் 1963-ல் அமெரிக்க மருத்துவ இதழிலும் எழுதினார்கள். 1970-களில் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலும் குடும்ப வார்டு வந்தது.

கீழ்ப்பாக்கத்துக்கு 1961-ல் டாக்டர் சாரதா மேனன் கண்காணிப்பாளராக வந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1978 வரை அங்கே இருந்தார். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி வந்தது. அவர்கள் கையால் பிசைந்து சுட்ட ரொட்டி வார்டுகளுக்கே போனது. ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல், 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

ஆனால், கூட வர யாருமே இல்லாதவர்கள்?

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அவர்களில் பலர் ஏழைகள். எட்டும் தூரத்தில் மனநல சிகிச்சை இல்லாததால் ஏர்வாடியில் உள்ள தர்காவை நம்பி வந்தவர்கள். குற்றம் அவர்களுக்கு மருத்துவமனையைக் கொண்டுபோய்ச் சேர்க்காத அரசுகளின் மீதும் உண்டு.

ஏர்வாடிக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1993-ல், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். சென்னைச் சாலையில் மனநோயோடு திரிந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியாத இரண்டு இளம்பெண்கள் அவர்கள். வீடு திரும்ப வழியில்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் வாடகை வீடு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு வாழும் ஏற்பாட்டையும் இந்த அமைப்பு பின்னாளில் கொண்டுவந்தது. ரத்த உறவு இல்லாத இடத்தில் கூட இருப்பவர்களை உண்டாக்கிய முயற்சி அது.

2017-ல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், இந்த நெடிய பாதையில் இன்னொரு எட்டு. சங்கிலி போடக்கூடாது. மயக்க மருந்து தராமல் மின்னதிர்ச்சி கூடாது. தலையைக் கட்டாயமாக மழிக்கக்கூடாது. விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், சீருடையைத் திணிக்கக்கூடாது. செய்த வேலைக்குக் கூலி தரவேண்டும். மொட்டைத் தலையும் ஒரே நிறச் சீருடையுமாக மனிதர்களை வரிசையில் நிறுத்திய காலத்தை நினைத்தால், ஒரு பெண் தன் புடவையைத் தானே தேர்ந்தெடுத்துக் கட்டுவதன் அருமை புரியும்.

கூட இருப்பவர் யார் என்பதையும் இந்தச் சட்டம் நோயாளியிடமே விட்டிருக்கிறது. தன் சார்பில் பேசுபவராக அண்ணனையும் நியமிக்கலாம், நம்பிக்கையான தோழியையும் நியமிக்கலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். உங்கள் வீட்டில் இந்த நோயோடு ஒருவர் இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் கூட யார் இருக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை எழுதி வாங்கி வையுங்கள்.