கூரையில் திரும்பிய டிஷ்: பெங்களூரில் ஒரு மோட்டாரின் பராமரிப்பு வரலாறு

இந்தியச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் வானத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளது. எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்ற வரிசையில் அது நகர்கிறது. மொட்டைமாடியில் நின்ற எட்டடி, பத்தடி டிஷ்ஷுக்கும் அதைத் திருப்பிய மோட்டாருக்கும் அதில் இடம் கிடைப்பது அரிது. 1990களில் பெங்களூரின் வசதி படைத்த சில வீடுகளில் இருந்த திரும்பும் டிஷ் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், டிஷ்ஷின் விலையையும் கேபிளின் மலிவையும் காட்டி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி விடைதான். மறுபாதி, மோட்டாரும் கம்பியும் பழுதானபோது அவற்றைச் சரிசெய்ய யார் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு முதலில் சைட் சோதனையைப் பார்க்கலாம். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த இந்தச் சோதனையில் கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்கள், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக நிகழ்ச்சிகளைப் பெற்றன. கோழிவலைக் கம்பியால் செய்த சுமார் மூன்று மீட்டர் டிஷ், சமுதாயக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அவ்வளவே. ஒரே செயற்கைக்கோள் என்பதால் டிஷ் திரும்ப வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, பெட்டிகளைப் பராமரிக்கத் துணை மையங்களும் பணியாளர்களும் உதிரிபாகங்களும் திட்டத்தின் பகுதியாகவே அமைந்திருந்தன என்பது. அதே காலத்தில் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் ஒரு பெரிய டிஷ்ஷை நிறுவினர். புவிநிலைச் செயற்கைக்கோள் வழித் தொடர்பை 1945இலேயே எழுத்தில் முன்வைத்தவரின் வீட்டு டிஷ்ஷுக்கும் பின்னால் ஓர் அரசு நிறுவனம் நின்றது.

1991க்குப் பின் நிலைமை மாறியது. ஸ்டார் அலைவரிசைகள் 105.5 பாகை கிழக்கில் இருந்த ஏசியாசாட்-1 வழியாக வந்தன. 1992 அக்டோபரில் ஜீ அங்கேயே சேர்ந்தது. இன்சாட் வரிசைக்கு 83, 93.5 ஆகிய இடங்கள். 1995இல் ஏவப்பட்ட பிஏஎஸ்-4 68.5 பாகையிலும், ஏசியாசாட்-2 100.5 பாகையிலும் நின்றன. ஒரே டிஷ்ஷால் இவை அனைத்தையும் பார்க்க வேண்டுமானால் அது 37 பாகை அகலமுள்ள வில்லில் நகர வேண்டும். வானில் எங்கே பார்ப்பது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யும் உரிமையை அந்த மோட்டார் தந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்தியத் தொலைக்காட்சியில் அப்படியோர் உரிமை இருந்ததாகச் சொல்ல முடியாது.

பெங்களூர் 13 பாகை வடக்கு, 77.6 பாகை கிழக்கு. துருவத் தாங்கியின் அச்சு இங்கே ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். டிஷ் தலைக்கு மேலே, செங்குத்திலிருந்து சுமார் 15 பாகை மட்டும் தெற்கே சாய்ந்து பார்க்கும். பிஏஎஸ்-4 நகரின் தீர்க்கரேகைக்கு மேற்கே, மற்றவை கிழக்கே. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது டிஷ் உச்சியைக் கடக்கிறது. கடந்ததும் அதன் எடை மறுபக்கம் சாய்கிறது. மூட்டில் தேய்மானம் இருந்தால் அந்தக் கணத்தில் டிஷ் சற்றே துள்ளும். எட்டடி டிஷ்ஷின் பார்வை அகலம் சி-பேண்டில் இரண்டு பாகையை ஒட்டியது. எனவே ஒரு பாகை பிசகினாலே சமிக்ஞையின் ஆற்றல் பாதிக்கு அருகே குறைந்துவிடும். திரையில் புள்ளிகள் பொரியத் தொடங்கும்.

இந்த நகர்வைச் செய்தது ஆக்சுவேட்டர்: 36 வோல்ட் நேர்மின் மோட்டார், பற்சக்கரங்கள், நீளும் திருகுத்தண்டு, இரு முனைகளிலும் லிமிட் சுவிட்ச். மின்முனைகளை மாற்றினால் திசை மாறும். டிஷ் எங்கே நிற்கிறது என்பதை மோட்டார் அறியாது. பற்சக்கரத்தோடு சுழலும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சைத் திறந்து மூடும். வீட்டுக்குள் இருக்கும் பொசிஷனர் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணும். ஆக, கூரைக்குப் போகும் கம்பியில் இரண்டு வேலைகள்: தடித்த இரு இழைகள் ஆற்றலைக் கொண்டுபோகும், மெல்லிய இழைகள் எண்ணிக்கையைக் கொண்டுவரும்.

பழுதின் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தினால் டிஷ் இரண்டு மூன்று விநாடி நகர்ந்து நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் போய்விட்டது என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் மோட்டார் நன்றாக இருக்கக்கூடும். துடிப்பு வராததால் ஏதோ சிக்கிக்கொண்டது என்று கருதிப் பெட்டியே மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். குற்றவாளி ரீட் சுவிட்ச், அல்லது அதன் இழை. எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு விலகித் தெரிந்தால் எண்ணிக்கை வழுவியுள்ளது. நடுவில் உள்ளவை சரியாக இருந்து ஓரத்தில் உள்ளவை மட்டும் விலகினால் தாங்கியே திரும்பியுள்ளது. முன்னதற்கு மின்னறிவு வேண்டும், பின்னதற்கு ஸ்பேனரும் திசைகாட்டியும் வேண்டும். தவறான நோய்க்கணிப்பால் நல்ல மோட்டார் மாற்றப்படுவது இந்தக் கருவியில் மிக எளிது.

கம்பியின் கணக்கும் உண்டு. மோட்டார் மூன்று ஆம்பியர் இழுக்கிறது, கூரை 50 மீட்டர் தொலைவு என்றால், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் போகவர இழப்பு நான்கு வோல்ட்டுக்கும் குறைவு. செலவை மிச்சப்படுத்தி 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் ஏறத்தாழ 11 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். டிஷ் உச்சியை நோக்கி ஏறும்போது மோட்டார் திணறும். மழைக்காலத்தில் திருகுத்தண்டின் உறைக்குள் நீர் இறங்கும். அடியில் இருக்க வேண்டிய வடிகால் துளை மேல்நோக்கி அமையுமாறு ஆக்சுவேட்டரைப் பூட்டிவிட்டால், அந்த நீர் வெளியேறாமல் பற்சக்கரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். இவற்றில் எதுவும் பெரிய பழுதல்ல. ஆனால் ஆண்டுதோறும் யாராவது மாடியேறிப் பார்த்தாக வேண்டும்.

அப்படி யாரும் இல்லாத இடத்தில்தான் கேபிள்காரர் வென்றார். அவருடைய தீர்வு நுட்பமானதல்ல: ஒரு செயற்கைக்கோளுக்கு ஒரு நிலையான டிஷ். மோட்டாரே இல்லை, ஆகவே அதன் பழுதும் இல்லை. மிஞ்சிய பழுதுகளை மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் ஏறும் பையன் பார்த்துக்கொண்டான். மாதக் கட்டணம் உண்மையில் அவனுக்கான கட்டணமும்தான். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் சட்டம் இந்தத் தொழிலை அங்கீகரித்து ஒழுங்குபடுத்தியது. மறுபுறம், 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளை வீட்டில் பெறும் கருவிகளை 1997இல் அரசு தடை செய்தது. ஆகவே சிறிய டிஷ்ஷுக்கான கேயு-பேண்ட் வழி 2000 இறுதியில் டிடிஎச் விதிமுறைகள் வரும்வரை அடைபட்டிருந்தது. அதுவரை வீட்டுக்காரரின் முன் இருந்தவை கேபிள் அல்லது பெரிய சி-பேண்ட் டிஷ், இரண்டே. 2004 டிசம்பரில் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ்ஸும் அதற்குச் சற்று முன் வந்த தனியார் சேவையும் வீட்டு டிஷ்ஷைத் திரும்பக் கொண்டுவந்தன. அவை சுவரில் ஆணியடித்தாற்போல் ஒரே திசையை நோக்கியவை.

திரும்பும் டிஷ் பெங்களூரை விட்டுப் போய்விடவில்லை. 2008இல் சந்திரயான்-1க்காக நகருக்கு வெளியே பைலாலுவில் நிறுவப்பட்ட 32 மீட்டர் ஆண்டெனாவும் மோட்டாரால்தான் திரும்புகிறது. அதற்கும் நிலை உணரிகளும் லிமிட் சுவிட்சுகளும் உண்டு. அங்கே பராமரிப்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள்.